டாசன் சிட்டியிலிருந்து இனுவிக்: டெம்ப்ஸ்டர் சாலையில் திரும்பலாமா?

எட்மண்டன்வழி:
வணக்கம். ஆகஸ்ட் மூன்றாவது வாரம் குடும்பத்தோடு எட்மண்டனில் கிளம்பி, அலாஸ்கா நெடுஞ்சாலையில் கனடாவின் யூகான் பகுதிக்குள் நுழைந்து வைட்ஹார்ஸ், பிறகு டாசன் சிட்டி என்று திட்டம். டாசனுக்கு 40 கி.மீ. முன்னாலேயே டெம்ப்ஸ்டர் சாலை வடக்கே பிரிகிறது. அவ்வளவு தூரம் போய்விட்டு, ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே இருக்கும் இனுவிக் ஊரைப் பார்க்காமல் திரும்ப மனம் வரவில்லை. கூடுதலாக நாலு நாள் கைவசம் இருக்கிறது. வண்டி சின்ன எஸ்.யு.வி., ஆல் வீல் டிரைவ், டேங்க் 55 லிட்டர். டயர் கம்பெனியில் வந்தது. ஸ்டெப்னி மெலிசான தற்காலிகச் சக்கரம். பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் இருவர், சைவச் சாப்பாடு. நாலு நாளில் முடியுமா? வண்டிக்கு என்னென்ன செய்ய வேண்டும்?

சரளைக்கல்:
நாலு நாளில் முடியாது நண்பரே. வரைபடத்தில் பார்த்தால் முடிவது போலத்தான் தெரியும்.

டாசனிலிருந்து பிரிவு 40 கி.மீ. பிரிவிலிருந்து நடுவழி விடுதியான ஈகிள் ப்ளெய்ன்ஸ் 369. அங்கிருந்து ஃபோர்ட் மெக்பெர்சன் சுமார் 180, பிறகு இனுவிக் இன்னொரு 180க்குக் கொஞ்சம் மேல். ஆக ஒருவழி 775 கி.மீ. பிரிவுக்குப் பிறகு இரு முனைகளிலும் சில கி.மீ. போக மீதி முழுக்கச் சரளை. காய்ந்த சாலையிலேயே நிறுத்தங்களோடு மணிக்கு 60 சராசரி வந்தால் நல்ல ஓட்டம். முதல் நாள் ஈகிள் ப்ளெய்ன்ஸ், இரண்டாம் நாள் இரண்டு ஆறுகளைப் படகில் கடந்து இனுவிக், மூன்றாம் நாள் ஊரில், அடுத்த இரண்டு நாள் திரும்புதல். எதுவும் கெடாவிட்டால் இது ஐந்து நாள்.

கெடுவதற்கு நிறைய இருக்கிறது. மழை பெய்து மண் அரித்தால் மூடுவார்கள். ஆறு ஏறினால் படகு நிற்கும். ஈகிள் ப்ளெய்ன்ஸுக்கு வடக்கே ரிச்சர்ட்சன் மலையடியில் பெரிய லாரிகளையே சாய்க்கும் காற்று அடிக்கும். காட்டுத்தீயும் உண்டு. மூடினால் சுற்றிப்போக வேறு சாலை கிடையாது. திறக்கும்வரை இருக்கிற இடத்தில் இருக்க வேண்டியதுதான். அதனால் ஐந்தோடு இரண்டு நாள் சேர்த்து ஏழாக வைத்துக்கொள்ளுங்கள்.

நாலே நாள்தான் என்றால் இரண்டு வழி. ஒன்று, டூம்ஸ்டோன் மலைப்பகுதி மட்டும். 71ஆவது கி.மீ.யில் தகவல் மையமும் கூடாரமடிக்கும் இடமும் உண்டு. ஆகஸ்ட் கடைசியில் மலைச்சரிவு முழுக்கச் செம்பட்டும் மஞ்சளும்தான். டெம்ப்ஸ்டரின் மிக அழகான பகுதி இதுதான் என்பது என் கருத்து. மற்றது, 405ஆவது கி.மீ.யில் ஆர்க்டிக் வட்டக் கோடு வரை போய், ஈகிள் ப்ளெய்ன்ஸில் தங்கி, மறுநாள் திரும்புவது. இதற்கு இரண்டு நாள் போதும், இரண்டு நாள் உபரி நிற்கும்.

பட்டறைக்காரன்:
டயரைப் பற்றி நான் சொல்கிறேன். அந்தச் சாலையில் வண்டி நிற்கிற காரணங்களில் முதலிடம் டயருக்குத்தான்.

அங்கே போட்டிருக்கும் கல் பல இடங்களில் ஷேல் என்னும் அடுக்குப்பாறை. உடைந்தால் தகடு தகடாக, கத்தி விளிம்போடு உடையும். ஆணி போலக் குத்துவதில்லை, அறுக்கும். டயர் தரையில் படுகிற பட்டன் பகுதியில் அறுத்தால் ரப்பர் திரி செருகிச் சமாளிக்கலாம். பக்கச்சுவரான சைடு வாலில் அறுத்தால் திரி நிற்காது, சக்கரத்தையே மாற்ற வேண்டும். சாலையைச் சமன்படுத்தும் கிரேடர் வண்டி ஓடிய அன்று இன்னும் மோசம். புதுக்கல் கூர்முனை மேலே வந்து கிடக்கும், நடுச்சாலையில் வரப்பு மாதிரி ஒரு மேடும் விட்டுப் போயிருப்பார்கள். வேகத்தில் அந்த மேட்டைக் குறுக்கே தாண்டினால் வண்டி கையை விட்டுப் போகும்.

உங்கள் தற்காலிகச் சக்கரம் இங்கே உதவாது. அது 80 கி.மீ. வேகத்துக்கும் குறைந்த தூரத்துக்கும் தார்ச்சாலையை நினைத்துச் செய்தது. ஈகிள் ப்ளெய்ன்ஸுக்கு 200 கி.மீ. முன்னால் பஞ்சரானால் அதில் போய்ச் சேர முடியாது. போதாததற்கு ஆல் வீல் டிரைவில் விட்டம் குறைந்த சக்கரத்தோடு நெடுந்தூரம் ஓடினால் டிஃபரன்ஷியலும் கப்ளிங்கும் சூடேறிக் கெடும். அதே அளவில் ரிம்மோடு முழுச் சக்கரம் ஒன்று கட்டாயம், இரண்டு இருந்தால் நிம்மதி. பழைய உதிரிபாகக் கடையில் ரிம் கிடைக்கும். போல்ட் இடைவெளி, நடுத்துளை இரண்டும் பொருந்துகிறதா என்று வீட்டிலேயே மாட்டிப் பாருங்கள்.

நாலு டயரையும் மாற்ற முடிந்தால் ஆல் டெரெய்ன் வகையில் லைட் டிரக் தரம். அதில் 10 ப்ளை (பத்தடுக்கு வலிமை) என்பார்களே, அது கனமான வண்டிக்கு. உங்கள் வண்டியின் அளவில் அது கிடைக்காமல் போகலாம். பரவாயில்லை, பட்டன் ஆழம் முக்கால்வாசிக்கு மேல் இருக்கும் நல்ல டயராவது வேண்டும். பாதி தேய்ந்ததைக் கொண்டு போகாதீர்கள்.

பெட்டியில்: திரியும் ஊசியும் உள்ள டியூப்லெஸ் பஞ்சர் கிட், பேட்டரியில் நேராகக் கவ்வுகிற 12 வோல்ட் கம்ப்ரசர் (சிகரெட் லைட்டர் துளையில் செருகுவது பாதியில் ஃபியூஸைக் கொன்றுவிடும்), காற்றழுத்த மானி, நீளக் கைப்பிடி வீல் ஸ்பானர், நட்டுக்குப் பூட்டு இருந்தால் அதன் சாவி, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஓரடிக்கு ஓரடி கனத்த பலகை. சரளையில் பலகை இல்லாமல் ஜாக்கி போட்டால் வண்டி உயராது, ஜாக்கிதான் கீழே இறங்கும். சக்கரம் மாற்றியபின் 50 முதல் 100 கி.மீ.க்குள் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள்.

பனிப்பாதை:
காற்றழுத்தத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். சரளைக்கு 25 பி.எஸ்.ஐ. வரை இறக்கலாம் என்று பலரும் எழுதுகிறார்கள்.

பட்டறைக்காரன்:
நான் அதை ஏற்கமாட்டேன். கதவோரம் ஒட்டியிருக்கும் சீட்டில் 35 போட்டிருந்தால் 31 வரை இறக்கலாம், அதற்குக் கீழே வேண்டாம். கொஞ்சம் இறக்கினால் டயர் கல்லின் மேல் அமுங்கி வளைந்துகொடுக்கும், உதறலும் குறையும். ரொம்ப இறக்கினால் சைடு வால் பிதுங்கி வெளியே வரும், ஷேல் அறுக்கிற இடத்தை நாமே நீட்டிக் காட்டியது போலாகும். நாலு பேர், சாமான், இரண்டு ஸ்டெப்னி ஏற்றிக்கொண்டு 80இல் ஓடும்போது காற்றுக் குறைந்த டயர் உள்ளுக்குள்ளே சூடாகிப் பிரியும். லைட் டிரக் டயர் போட்டால் அதே பாரத்துக்குக் கூடுதல் அழுத்தம் கேட்கும், சீட்டில் உள்ள எண் அதற்குப் பொருந்தாது. டயர் கடையில் பாரம் சொல்லிக் கேளுங்கள்.

எந்த அழுத்தமானாலும் வேகம் 70க்குள் இருக்கட்டும். ஒரே கல், 60இல் தட்டும், 90இல் அறுக்கும்.

சரளைக்கல்:
பெட்ரோல் கணக்கு. டாசனில் நிரப்பிக் கிளம்புங்கள், பிரிவில் கிடைக்கும் என்று நம்பி வர வேண்டாம். டாசன் – ஈகிள் ப்ளெய்ன்ஸ் 409 கி.மீ. தார்ச்சாலையில் 100 கி.மீ.க்கு 8 லிட்டர் குடிக்கிற வண்டி, சரளை, பாரம், எதிர்க்காற்று மூன்றும் சேர்ந்தால் 10 கேட்கும். 41 லிட்டர். 55 லிட்டர் டேங்குக்குத் தாங்கும். சிக்கல் எங்கே என்றால், 250ஆவது கி.மீ.யில் வழி மூடியிருக்கிறது, திரும்பு என்றால் டாசன் போக மொத்தம் 580 கி.மீ. ஆகிவிடும், டேங்க் பத்தாது. அதற்குத்தான் 20 லிட்டர் கேன்.

கேனைப் பயணிகள் இருக்கும் பகுதிக்குள் வைக்கக் கூடாது. கூரைக் கம்பியிலோ பின் கொக்கித் தட்டிலோ பட்டியால் இறுக்கிக் கட்டுங்கள். நிரப்பும்போது தரையில் இறக்கி வைத்து நிரப்புங்கள், விரிய இடம் விட்டு மூடுங்கள். டேங்க் பாதிக்கு வந்ததும் கேனை ஊற்றிவிடுவது நல்லது, கூரையில் பாரம் சுமந்துகொண்டு உதறல் சாலையில் ஓடத் தேவையில்லை. ஆனால் மேலே சாலை திறந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு ஊற்றுங்கள்.

இன்னொன்று: யூகான் எல்லை 465ஆவது கி.மீ. அதைத் தாண்டினால் வடமேற்குப் பிரதேசத்தின் கி.மீ. கல் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும். உதவி கேட்டுச் செய்தி அனுப்பும்போது எந்தப் பக்கத்துக் கல் என்று சொல்லாவிட்டால் ஆட்கள் வேறிடத்தில் தேடுவார்கள்.

பனிப்பாதை:
ஓட்டுவதில் கவனிக்க வேண்டியது சாலையின் ஓரம். அடியில் நிரந்தரப் பனிநிலம். அது உருகிவிடாமல் இருக்க ஓராள் உயரத்துக்குச் சரளை மெத்தை போட்டு, அதன் முதுகில் சாலை போகிறது. தடுப்புக் கம்பி கிடையாது. ஓரம் பார்க்கக் கெட்டியாக இருக்கும், சக்கரம் ஏறினால் பொலபொலவென்று சரியும். வண்டி உருள்வது பெரும்பாலும் இப்படித்தான். படமெடுக்க ஒதுங்குவதானால் அகலப்படுத்திய இடத்தில் மட்டும். சாலை திடீரென்று நேராக, இரண்டு மடங்கு அகலமாக வந்தால் அது விமான ஓடுபாதை, அங்கே நிறுத்தவே கூடாது.

எதிரே லாரி வந்தால் 40, 50க்கு இறங்கி, ஓரத்தைத் தொடாத அளவுக்கு வலப்புறம் ஒதுங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வண்டியின் வேகமும் சேர்ந்துதான் கல் முன்கண்ணாடியில் அடிக்கிறது. சின்னக் குழி விழுந்தால் உடனே மேலே தெளிந்த டேப் ஒட்டிவிடுங்கள், தூசியும் ஈரமும் போகாமல் இருந்தால் பிறகு பிசின் ஊற்றி அடைக்கலாம். முகப்பு விளக்கு பகலிலும் எரிய வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் முன், பின் விளக்குகளைத் துடையுங்கள், அரை மணியில் சேறு மூடிவிடும்.

மழை வந்தால் இது வேறு சாலை. தூசி அடங்கக் கால்சியம் குளோரைடு போட்டிருப்பார்கள். அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். களிமண் உள்ள இடங்களில் சோப்புத் தண்ணீர் ஊற்றிய சிமென்ட் தரைதான். ஆல் வீல் டிரைவ் கிளம்ப உதவும், நிற்க உதவாது. ஈகிள் ப்ளெய்ன்ஸில் இருக்கும்போது மழை பிடித்தால் அன்றைக்கு அங்கேயே இருங்கள். உபரி நாள் கேட்பது இதற்குத்தான். கிளம்பும் காலையில் இரு அரசுகளின் சாலைத் தகவல் பக்கத்தையும் பாருங்கள், தெற்கே வருகிற லாரிக்காரரிடமும் கேளுங்கள்.

டாசனை விட்டால் ஈகிள் ப்ளெய்ன்ஸ் போகும் வழியில் கைப்பேசிக்கு அலை கிடையாது. செயற்கைக்கோள் செய்திக் கருவி ஒன்று வாங்கியோ வாடகைக்கோ எடுத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டிலும் சாலை உதவித் திட்டத்திலும் வண்டியை இழுத்துவர எத்தனை கி.மீ. வரை பொறுப்பேற்கிறார்கள் என்று படியுங்கள். வாடகை வண்டியில் வருகிறவர்கள் சரளைச் சாலைக்கு அனுமதி உண்டா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள், பல நிறுவனங்கள் டெம்ப்ஸ்டரைப் பெயர் சொல்லியே தடுக்கின்றன.

ஸ்காபரோ_வல்வை:
சாப்பாட்டைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை, நான் சொல்லுறன். அண்ணை, சைவம் எண்டால் சமைச்சுச் சாப்பிடுற ஆயத்தத்தோட போங்கோ. ஈகிள் ப்ளெய்ன்ஸ்ல உணவகம் இருக்கு, இனுவிக்கில பலசரக்குக் கடையள் இருக்கு, ஆனால் மரக்கறி தூரத்திலயிருந்து வாறதாலை விலை கூட. பருப்பு, அரிசி, புளி, மிளகாய்த்தூள் எல்லாம் எட்மண்டனிலேயே வாங்கிப்போடுங்கோ. நாலு பேருக்கு ஒரு நேரத்துக்கு ஒண்டரைச் சுண்டு (சுண்டு எண்டால் கிட்டத்தட்ட கால் கிலோ) அரிசி, முக்கால் சுண்டு பருப்பு காணும். மூண்டு லிட்டர் பிரஷர் குக்கர் கொண்டு போனால் எரிபொருள் பாதிதான் செலவாகும்.

முக்கியமான விசயம் அடுப்பு. எங்கட சனம் கொண்டு திரியிற பெட்டி அடுப்பு, நீளக் குப்பி போடுறது, அது பியூட்டேன். பூச்சியத்துக்குக் கிட்டக் குளிர் வந்தால் பியூட்டேன் ஆவியாகாது, அடுப்பு பத்தாது. ஆகஸ்ட் கடைசியில டூம்ஸ்டோன்ல காலமை அப்பிடிக் குளிர் வரும். பச்சைக் குப்பி புரொப்பேன் அடுப்பு கொண்டு போங்கோ, அது கடுங்குளிரிலையும் எரியும். காத்துக்குச் சுத்தவர மறைக்கத் தகடும் வேணும்.

தண்ணி ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர் கணக்கில, இரண்டு நாளுக்கு வண்டியில இருக்கட்டும். சாப்பாட்டுச் சாமான், எச்சில் கோப்பை, பற்பசை உட்பட மணக்கிறது ஒண்டும் கூடாரத்துக்குள்ள வேண்டாம், எல்லாம் வண்டிக்குள்ள பூட்டுங்கோ. கரடி வரும். கரடித் தெளிப்பான் இடுப்பில இருக்கவேணும், பைக்குள்ள இருந்தால் பிரயோசனம் இல்லை. நுளம்பு ஆகஸ்ட் கடைசியில குறைஞ்சிடும், ஆனாலும் பிள்ளையளுக்குத் தலை வலை எடுங்கோ.

எட்மண்டன்வழி:
அருமை, எல்லோருக்கும் நன்றி. படகைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல முடியுமா? முன்பதிவு வேண்டுமா?

சரளைக்கல்:
முன்பதிவும் கிடையாது, கட்டணமும் கிடையாது. பீல் ஆற்றில் ஒன்று, ஃபோர்ட் மெக்பெர்சனுக்குச் சற்று முன்னால். மெக்கென்சி ஆற்றில் இன்னொன்று, சிகெச்சிக் ஊரருகே. கோடையில் காலை ஒன்பதுக்குப் பிறகு தொடங்கி நள்ளிரவு வரை, வண்டி வர வர ஓட்டுவார்கள். மெக்கென்சிப் படகு மூன்று கரைகளுக்குப் போகும். சிகெச்சிக் ஊருக்குள் போக விரும்பினால் படகுக்காரரிடம் சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் நேரே அக்கரைதான்.

கரையில் சிமென்ட் துறை இருக்காது, சரளையைத் தள்ளி மேடு கட்டியிருப்பார்கள். நீர்மட்டம் மாறும்போது மேட்டை மாற்றுவார்கள். இறங்கும் இடத்தில் பின்பக்கம் நீண்ட வண்டிகள் தரையில் இடிக்கும். கொக்கித் தட்டில் கேன் கட்டியிருந்தால் அதைக் கவனியுங்கள், நடை வேகத்தில் ஏறி இறங்குங்கள்.

கடிகாரத்தையும் பாருங்கள். யூகான் 2020 முதல் கடிகாரத்தை மாற்றுவதில்லை. கோடையில் எல்லை தாண்டினால் ஒரு மணி நேரம் முன்னே போகும். கடைசிப் படகுக்கு ஒரு மணி இருக்கிறது என்று நினைத்து வந்தால் படகு போயிருக்கும். வசந்தத்தில் பனி உடையும்போதும், இலையுதிர்கால முடிவில் ஆறு உறையும்போதும் சில வாரங்கள் படகும் இல்லை, உறைந்த ஆற்றின் மேல் போகும் பனிப்பாதையும் இல்லை. ஆகஸ்டில் அந்தக் கவலை இல்லை.

காயல்_கல்கரி:
இனுவிக்கில் பள்ளிவாசல் இருக்கிறது என்கிறார்களே, உண்மையா? குடும்பத்தோடு போகிறவர்களுக்குத் தெரிந்தால் உதவும்.

பனிப்பாதை:
உண்மைதான். வின்னிபெக்கில் கட்டி முடித்து, லாரியிலும் பிறகு மெக்கென்சி ஆற்றில் பார்ஜ் என்னும் தட்டைச் சரக்குப் படகிலுமாக 4,000 கி.மீ. கொண்டுபோய் 2010இல் நிறுவினார்கள். அங்கே உள்ளூரில் கட்டுவதைவிட அது செலவு குறைவு. ஊரில் பார்க்க இன்னும் உண்டு. இக்லூ வடிவ தேவாலயம், பழைய ஐஸ் ஹாக்கி அரங்கை ஒளி ஊடுருவும் கூரை போட்டு மாற்றிய சமூகத் தோட்டம் இரண்டையும் விடாதீர்கள். வீட்டுக்கு வீடு தரைக்கு மேலே குழாய்ப்பெட்டி ஓடும், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தண்ணீர்க் குழாயைப் பனிநிலத்துக்குள் புதைத்தால் குழாயின் சூட்டில் நிலம் உருகி இறங்கும், குழாயும் உறையும். அதனால்தான் எல்லாம் மேலே.

ஏழு நாள் கிடைத்தால் டக்டோயாக்டக் வரை போய்வாருங்கள். இனுவிக்கிலிருந்து 138 கி.மீ., 2017 நவம்பரில் திறந்த சாலை, ஆர்க்டிக் பெருங்கடல் வரை போகும். வழியில் பெட்ரோலோ கடையோ எதுவும் இல்லை, ஈரமானால் டெம்ப்ஸ்டரைவிட மெத்தென்று புதையும். பிங்கோ என்கிற பனிக்கரு கொண்ட குன்றுகள் அங்கே. இபியுக் பிங்கோ 49 மீட்டர் உயரம். அதில் ஏறாதீர்கள். மேல்தோல் கிழிந்தால் உள்ளேயிருக்கும் பனி உருகத் தொடங்கும், குன்றே உட்கார்ந்துவிடும்.

சரளைக்கல்:
ஃபோர்ட் மெக்பெர்சனில் நிற்பதானால் தேவாலயத் தோட்டத்தில் நாலு பேரின் கல்லறையைப் பாருங்கள். 1910 டிசம்பரில் அங்கிருந்து டாசனுக்கு நாய்ச்சறுக்கு வண்டியில் கிளம்பிய காவல் ரோந்து அது. தலைவர் ஃபிட்ஸ்ஜெரால்ட் வேகமாகப் போய்ச்சேர வேண்டும் என்று உணவைக் குறைத்து ஏற்றினார். வழிகாட்டிய குவிச்சின் பழங்குடி ஆளையும் பாதியில் அனுப்பிவிட்டார். வழி தவறி, திரும்பும்போது நாலு பேரும் இறந்தார்கள். 1911 மார்ச்சில் அவர்களைத் தேடிக் கண்டெடுத்தவர் டெம்ப்ஸ்டர் என்ற காவலர். சாலைக்கு அவர் பெயர்தான். 1959இல் தொடங்கி 1979இல் திறந்தார்கள்.

பட்டறைக்காரன்:
திரும்பி வந்ததும் செய்ய வேண்டியது ஒன்று விட்டுப்போயிற்று. அந்தச் சேறு காய்ந்தால் கல்லாகிவிடும், கால்சியம் குளோரைடு இரும்பை அரிக்கும். டாசனுக்கு வந்த அன்றே கழுவுங்கள். ரிம்மின் உட்பக்கம், பிரேக் காலிப்பர், சஸ்பென்ஷன் கை, ஃபிரேம் துளைகள் எல்லாவற்றிலும் தண்ணீர் போக வேண்டும். ரிம்முக்குள் சேறு ஒட்டிக்கொண்டு 100இல் ஸ்டியரிங் நடுங்கினால் பலபேர் வீல் பேலன்ஸ் போய்விட்டது என்று பட்டறைக்கு ஓடுகிறார்கள். முதலில் சுரண்டிப் பாருங்கள்.

ரேடியேட்டர் துடுப்புகளில் சேறு அடைத்தால் அலாஸ்கா நெடுஞ்சாலை ஏற்றத்தில் சூடேறும். எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக மெதுவான தண்ணீர் விடுங்கள். பிரஷர் வாஷரைக் கிட்டே காட்டினால் துடுப்பு மடங்கும். ஏர் ஃபில்டர் ஒன்று புதிதாகக் கையில் இருக்கட்டும், 1,500 கி.மீ. தூசிக்குப் பிறகு பழையது மூச்சடைத்துவிடும்.

எட்மண்டன்வழி:
இப்போது முடிவு செய்தது: இந்த முறை ஆர்க்டிக் வட்டக் கோடு வரை. ஒரு இரவு டூம்ஸ்டோனில், ஒரு இரவு ஈகிள் ப்ளெய்ன்ஸில், ஒரு நாள் உபரி. முழு அளவு ஸ்டெப்னி ஒன்று, 20 லிட்டர் கேன், புரொப்பேன் அடுப்பு, செயற்கைக்கோள் கருவி. இனுவிக் ஏழு நாள் கிடைக்கும்போது. ஈகிள் ப்ளெய்ன்ஸில் அறை பதிவு செய்ய வேண்டுமா?

சரளைக்கல்:
கட்டாயம். சுற்றுவட்டாரத்தில் அது ஒன்றுதான், சாலை மூடும் நாளில் லாரிக்காரர்களே அறையை நிரப்பிவிடுவார்கள். இடம் கிடைக்காவிட்டால் அங்கேயே கூடாரமடிக்க இடம் உண்டு, அல்லது 193ஆவது கி.மீ.யில் எஞ்சினியர் கிரீக் அரசு முகாம், விறகு இலவசம். டூம்ஸ்டோன் முகாம் ஆகஸ்ட் கடைசி வாரயிறுதிகளில் மதியத்துக்குள் நிரம்பும். அதனால் வார நடுவில் போய்ச் சேருங்கள். ஸ்டெப்னியை சாமான்களுக்கு அடியில் புதைக்காமல் மேலாக வையுங்கள், மழையில் எல்லாவற்றையும் இறக்கி எடுக்கும்படி ஆகக்கூடாது.